யாரும் அழுத்தாத ‘ஆம்’

அலுவலகத்தில் எல்லாரும் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான், முதலாளியும் அப்படித்தான். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதை வாசிக்கிறவர் கணக்காளர் ஒருவரே.

துணிக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை, பதினொரு பேர், எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் ஒரு ஏசி. இவ்வளவுதான் அந்த நிறுவனம். மருத்துவமனைகளின் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தார்கள். கணினியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது திரையின் நடுவில் குதித்து, “இதை அழிக்கலாமா? ஆம், இல்லை” என்று கேட்கிற சின்னச் சதுரம் இருக்கிறதே, அதற்கு உரையாடல் பெட்டி என்று பெயர். அதிலும் மோடல் என்று ஒரு வகை உண்டு. படு பிடிவாதக்காரப் பெட்டி அது. பதில் சொல்லாமல் பின்னால் இருக்கும் எதையும் தொட விடாது, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை மாதிரி. அந்தப் பெட்டிகளை எழுதுவது மற்ற புரோகிராமர்களுக்கு வேப்பங்காய். பெரிய பெரிய கணக்குகளைப் போட்டுத்தள்ளத்தான் அவர்களுக்கு ஆசை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவருக்கு மிஞ்சியதுதானே இலையில் விழும்? அப்படித்தான் பெட்டி வேலை அவளிடம் வந்து சேர்ந்தது.

அவள் கல்லூரிக்குப் போய்க் கணினி படித்தவள் இல்லை. தட்டச்சுச் சான்றிதழை வைத்துக்கொண்டு, இருபத்து நான்கு வயதில், தரவுகளைத் தட்டி ஏற்றும் வேலைக்கு அங்கே வந்தாள். அலமாரியில் தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகம் இருந்தது. திரையில் பெட்டியும் பொத்தானும் செய்ய உதவும் எந்தக் கருவித்தொகுப்பை வைத்து அந்த மென்பொருளைக் கட்டினார்களோ, அதைப் பற்றியது. யாரும் தொடாத அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மகளை வயிற்றில் சுமந்த மாதங்களில் பக்கம் பக்கமாகப் படித்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்து ஒரு பெட்டி எழுதினாள். பெட்டி திறந்தது, மூடியது, கேட்டதற்குப் பதில் வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமைத்ததில் உப்புப் போட மறந்துவிட்டாள், அவ்வளவு சந்தோஷம்.

பிறகு இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. அந்தக் கருவித்தொகுப்பில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பெட்டியைத் தாயாக எழுதிவிட்டால், மற்றவற்றை அதன் பிள்ளைகளாகப் பிறக்க வைக்கலாம். தாயின் அளவு, நிறம், பழக்கவழக்கம் எல்லாம் பிள்ளைகளுக்குத் தானாக வரும். அவள் எழுதிய தாய்ப்பெட்டிக்கு அறுபத்து மூன்று பிள்ளைகள். “எனக்கு ஒரே ஒரு பேத்தி. இவளுக்குப் பாரு, ஆபீஸ்ல அறுபத்து மூணு” என்று அவள் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால், பெரிய மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு குறை வந்தது. பெட்டி வரும்போதெல்லாம் மவுஸைத் தேடிப்போய் ‘ஆம்’ என்று அழுத்த வேண்டியிருக்கிறது, கையுறையோடு அது பெரும் பாடாக இருக்கிறது என்றார்கள். அவளுக்கு மனம் இளகிவிட்டது. தாய்ப்பெட்டியில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். பெட்டி வந்ததும் ‘ஆம்’ தடித்த விளிம்போடு தயாராக நிற்கும். என்டர் விசையைத் தட்டினால் போதும், ஆம் என்று ஆகிவிடும். கூடத்தார் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அவள் வாழ்க்கையில் வாங்கிய ஒரே நன்றிக் கடிதம் அது. மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள்.

பதினான்கு வருடம் கழித்து, அதே மருத்துவமனையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

வார்டில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அவருக்கும் ஒரே காலையில் ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் அவசரத்தில் பெரியவரின் பெயரும் எண்ணும் உள்ள சீட்டையே இரண்டு குழாய்களிலும் ஒட்டிவிட்டார். இந்த மாதிரி தவறு நடக்கும் என்று தெரிந்துதான் அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. ஒரே எண்ணில் இரண்டாவது குழாய் வந்தால், “இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு ரத்த மாதிரி உள்ளது. அதை நீக்கி இதைப் பதியலாமா?” என்று கேட்கும். ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும். ஆனால் ‘ஆம்’ என்று பதிவாகியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் பொட்டாசியம் அளவு பெரியவர் பெயரில் வார்டுக்குப் போனது. டாக்டர் அதை நம்பி மருந்து கொடுத்தார். பெரியவர் நினைவிழந்து, மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்.

நர்ஸ் தன் தவறை ஒப்புக்கொண்டார். கூடத்தில் குழாய்களைப் பதிந்த பரிசோதகர் ஒப்புக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கூடத்தில் ரத்தம் பார்த்தவர் அந்த அம்மாள். “எந்தப் பெட்டியும் வரல. வந்திருந்தா நான் பாத்திருப்பேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விசாரணை முடியும் வரை அவரைக் குழாய்களிடமிருந்து விலக்கி, சீட்டு அச்சடிக்கும் முகப்பில் உட்கார வைத்தார்கள்.

மருத்துவமனை, மென்பொருள் நிறுவனத்திடம் ஆதாரம் கேட்டது. முதலாளி பெட்டியக்காவின் மேசைக்கு வந்தார்.

“பெட்டி வந்துச்சா, இல்லையான்னு நம்ம பதிவுல இருக்கும்ல?”

“இருக்கும் சார். எல்லாப் பெட்டிக்கும் இருக்கு.”

“ஒரு தாள்ல எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நம்ம மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சா போதும்.”

எடுத்தாள். பெட்டி திறந்த நேரம் ஒன்பது பதினான்கு முப்பத்திரண்டு நொடி. பதில்: ஆம். கீழே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். பரிசோதகர் பொய் சொல்கிறார் என்றுதான் அவளும் நினைத்தாள். வேலைக்குப் பயந்து யார்தான் சொல்ல மாட்டார்கள்?

சாயங்காலம் சாப்பிடும்போது கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் லிஃப்டைத் தாண்டிப் பேச மாட்டார் என்பது வீட்டில் ஒரு குறை.

“நீ போய்ப் பாத்தியா?” என்றார்.

“எதை?”

“அந்தம்மா வேலை செய்யற எடத்தை.”

“பதிவுல எல்லாம் இருக்குங்க. போய்ப் பாக்க என்ன இருக்கு?”

“எனக்கு வர்ற புகார்ல பாதி, நான் பட்டனைத் தொடவே இல்ல, அதுவா போச்சும்பாங்க. முதல்ல எல்லாம் பொய்யின்னு நெனப்பேன். போய் நின்னு பாத்தா, பை இடிச்சிருக்கும், முட்டி பட்டிருக்கும். பொய் சொன்னவங்க ரொம்பக் கம்மி.” அவ்வளவு சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனார்.

அவளுக்குக் கோபம் வந்தது. தன் பதிவை இவர் லிஃப்டோடு சேர்ப்பதா? ஆனாலும் சொன்ன வார்த்தை முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

மறுநாள் காலை, தாளில் எடுத்துக் கொடுத்த பதிவின் மூலக்கோப்பைத் திறந்தாள். தாளில் நொடி வரைதான் வரும். மூலக்கோப்பில் நொடியை ஆயிரமாகப் பிரித்த கணக்கு இருக்கும். பெட்டி திறந்ததற்கும் ‘ஆம்’ விழுந்ததற்கும் நடுவில் இருந்தது ஒரு நொடி கூட இல்லை. அந்தப் பெட்டியின் இரண்டு வரியை வாசிக்கவே மூன்று நொடி ஆகும். கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் போய் அழுத்துவது என்பது ஒரு நொடிக்குள் நடக்கிற காரியமா?

அவள் அந்த ஒரு வருடப் பதிவையும் வடிகட்டிப் பார்த்தாள். அதே கூடத்தில், ஒரு நொடிக்குள் ‘ஆம்’ என்று பதில் விழுந்த எச்சரிக்கைகள் நானூற்றுப் பன்னிரண்டு. நான்கு பரிசோதகர்கள் பெயரிலும் இருந்தன. முதலாளியிடம் வெளியே போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போனாள்.

முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாள் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெலிந்த உருவம், இறுக்கமாக வாரிய கொண்டை. அவள் யார், எங்கிருந்து வருகிறாள் என்று தெரிந்ததும் அவர் முகம் கல்லாகிவிட்டது.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நீங்கதானா? இன்னும் என்ன வேணும்?”

“நீங்க குழாய் பதியறதை ஒரு தடவை பாக்கணும்.”

“என்னை அங்க விட மாட்டாங்க. அது தெரியாதா உங்களுக்கு?”

பெட்டியக்கா கூடத்தின் தலைமை டாக்டரிடம் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி வந்தாள். ஓரத்தில் பயிற்சிக்கென்று வைத்திருந்த கணினி, காலிக் குழாய்கள், ஒரு பார்கோடு ஸ்கேனர். வேண்டுமென்றே இரண்டு குழாய்களில் ஒரே சீட்டை ஒட்டி, இருபது குழாய்களுக்கு நடுவில் கலந்து வைத்தாள். எது எங்கே என்று சொல்லவில்லை.

“எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க.”

அந்த அம்மாள் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். ஆனால் கை குழாயைத் தொட்டதும் ஆளே மாறிவிட்டார். இடது கை எடுக்கும், வலது கை ஸ்கேனரைக் காட்டும், பீப் என்று சத்தம் வரும், குழாய் தாங்கியில் போய் நிற்கும். நீவிவிட்ட மாதிரி ஓர் ஓட்டம். கண்கள் குழாயில்தான் இருந்தன. ரத்தம் உறைந்திருக்கிறதா, அளவு சரியா, மூடி இறுக்கமா என்று ஒவ்வொன்றையும் கண்கள் பார்த்துக்கொண்டே இருந்தன. திரையைப் பார்க்க அவற்றுக்கு நேரமே இல்லை, பார்க்கவும் கூடாது.

பதினோராவது குழாயில் பெட்டி வந்தது. பெட்டியக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது குழாய் ஸ்கேனருக்கு முன்னால் வந்துவிட்டது. பீப். பெட்டி போய்விட்டது. கண் சிமிட்டியிருந்தால் அவளே தவறவிட்டிருப்பாள்.

ஸ்கேனர் என்ன செய்கிறது என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. அது குழாயின் எண்ணை வாசித்து, விசைப்பலகையில் யாரோ தட்டியது போல் அனுப்பும். முடிவில், அடுத்த வரிக்குப் போவதற்காக, ஒரு என்டரையும் சேர்த்துத் தட்டும். எண்களைப் பெட்டி கண்டுகொள்ளாது. என்டரைக் கண்டுகொள்ளும். தடித்த விளிம்போடு தயாராக நிற்கும் ‘ஆம்’ அந்த என்டரை வாங்கிக்கொண்டு, ஆகட்டும் என்று மூடிக்கொள்ளும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஸ்கேனர் வந்தபோது எல்லாரும் வேலை சுலபமாகிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். பெட்டியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, பெட்டியை எழுதியவள் உட்பட.

“பன்னெண்டாவது பதியல பாருங்க” என்றார் அந்த அம்மாள், குழாயை மறுபடி எடுத்துக் காட்டியபடி. “இது இப்படித்தான். அப்பப்ப ஒரு குழாயை ரெண்டு தடவை காட்டணும். எத்தனையோ தடவை எழுதிப் போட்டாச்சு. ஸ்கேனரை மாத்திட்டு, சரியாயிடுச்சுன்னாங்க. ஆகல.”

அந்தப் புகார் அவளுக்கு நினைவிருந்தது. அவள் மேசைக்குத்தான் வந்தது. ‘ஸ்கேனர் கோளாறு, நம்முடையது அல்ல’ என்று எழுதி முடித்து வைத்தவளும் அவள்தான். பெட்டி விழுங்கிய என்டருக்குச் சொந்தக்காரக் குழாய்தான் பதியாமல் போனது என்று அன்றைக்கு யோசித்திருந்தால்!

இருபதும் முடிந்தது.

“எத்தனை பெட்டி வந்துச்சு?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் வரலயே.”

“ஒண்ணு வந்துச்சு. நீங்க ஆம்னு பதில் சொல்லிட்டதா பதிவும் ஆயிடுச்சு.”

பதிவைத் திறந்து காட்டினாள். ஸ்கேனரை, என்டரை, தடித்த விளிம்பை எல்லாம் விளக்கினாள். அந்த அம்மாள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டே கேட்டார். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று எங்கோ ஓடி ஓய்ந்தது.

“பதினெட்டு நாள்” என்றார். “பதினெட்டு நாளா என் பொண்ணு கூட, அம்மா, நிஜமாவே பாக்கலயான்னு கேக்கறா. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பாத்துட்டு மறந்துட்டேனோன்னு ராத்திரி எல்லாம் யோசிச்சேன்.”

பிறகு நிமிர்ந்து, “யார் எழுதினது இந்தப் பெட்டி?” என்றார்.

“நான்தான்.”

அந்த அம்மாள் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து, கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு, முகப்புக்குத் திரும்பிப் போனார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் அழுதாள். பக்கத்தில் இருந்த பெண், இவள் ஆஸ்பத்திரி வாசலில் ஏறியவள்தானே என்று வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு, “கவலப்படாதீங்க, சரியாயிடும்” என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். அது இன்னும் அழுகையைக் கூட்டியது.

முதலாளி கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பதினொரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர், பயந்துவிட்டார்.

“சத்தம் போடாம மாத்திடலாம். அடுத்த பதிப்புல சேத்து அனுப்பிடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்.”

“அந்தம்மா முகப்புல உக்காந்து சீட்டுக் கிழிச்சிட்டு இருக்காங்க சார்.”

“விசாரணைல எச்சரிக்கை குடுத்து விட்டுருவாங்க. வேலை ஒண்ணும் போயிடாது.”

“நான் போட்ட கையெழுத்து அங்க இருக்கு. அது தப்புன்னு நானே போய்ச் சொல்லலைன்னா வேற யார் சொல்லுவாங்க?”

“மருத்துவமனை நம்மளை விட்டுட்டா?”

அவளுக்கும் வேலை வேண்டும். மகளுக்கு மேல்படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. “தெரியல சார். ஆனா இதே பெட்டி இன்னும் ஏழு ஆஸ்பத்திரில ஓடுது. அங்கயும் ஸ்கேனர் இருக்கு” என்றாள். முதலாளி தண்ணீர் குடித்தார். கடைசியில், “நானும் வரேன். தனியா போகாதீங்க” என்றார்.

விசாரணை அறையில் நீளமான மேசை, ஆறு பேர். அவள் எழுதிக்கொண்டு போன தாளை வாசிக்க முயன்றாள். எழுத்து மங்கித் தெரிந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொன்னாள். பெட்டி வந்தது உண்மை, அதற்குப் பதில் சொன்னது ஸ்கேனர், பரிசோதகர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை, முன்பு கொடுத்த தாளைத் திரும்பப் பெறுகிறேன். தலைமை டாக்டர், “அப்ப நானூத்திப் பன்னெண்டு தடவை இப்படி நடந்திருக்கா?” என்று கேட்டார். “ஆமா டாக்டர். பெரும்பாலும் சின்ன எச்சரிக்கைங்க, ரத்தம் எடுத்து நேரமாயிடுச்சுங்கற மாதிரி. ஒருத்தர் எண்ணுல இன்னொருத்தர் ரத்தம் பதிஞ்சது இது ஒண்ணுதானான்னு ஸ்கேனர் வந்த நாள்லேருந்து எல்லாத்தையும் பாத்துட்டேன். இது ஒண்ணுதான்.” மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தாள். அறையில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

அந்தப் பெரியவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். அவர் வீட்டுக்குப் போய்விட்டார், நடந்ததை மருத்துவமனையே சொல்லும் என்று மறுத்துவிட்டார்கள். அது அவளுக்கு இன்றைக்கும் மனக்குறைதான்.

மருத்துவமனை அவர்களைக் கைவிடவில்லை. காரசாரமாக ஒரு கடிதம் அனுப்பி, பெட்டிகளைத் திருத்த ஒரு மாதம் கெடு வைத்தது. மற்ற ஏழு இடங்களுக்கும் முதலாளியே போன் போட்டுச் சொன்னார். ஒருவர் மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் முதலாளி அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

தாயை மாற்றினால் பிள்ளைகள் மாறும் என்பதால் பெட்டிகளைத் திருத்துவது ஒரு நாள் வேலைதான். தடித்த விளிம்பை ‘ஆம்’ மேலிருந்து எடுத்தாள். பெட்டி திறந்திருக்கையில் என்டர் வந்தால் எதுவும் நடக்காமல் தடுத்தாள். கனத்த ஒரு மணிச்சத்தம் சேர்த்தாள். ‘ஆம்’ என்பதற்குப் பதில் ‘பழையதை நீக்கு’ என்று, என்ன நடக்கப்போகிறதோ அதையே பொத்தானில் எழுதினாள்.

அந்த அம்மாள் மறுபடி குழாய்களிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டாள். நன்றி ஒன்றும் வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு மாதம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து நேராக அவளுக்கே ஒரு போன் வந்தது.

“உங்க புதுப் பெட்டி மணியடிச்சு உயிரை வாங்குது. காலைல மட்டும் முப்பது தடவை. ரத்தம் எடுத்து ஆறு மணி நேரம் ஆச்சுன்னு எதுக்கு என் கையைப் புடிச்சு நிறுத்தணும்? சில பரிசோதனைக்கு ஆறு மணி நேரம் ஒரு விஷயமே இல்ல.”

“எதெது வேணும், எதெது வேணாம்னு எனக்குத் தெரியலீங்க.”

“தெரியாதுல்ல. அப்ப வந்து உக்காருங்க. வியாழக்கெழம கூட்டம் கம்மி.”

வியாழக்கிழமை போனாள். அறுபத்து மூன்று பெட்டிகளையும் தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தாள். அந்த அம்மாள் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தாளாக மேசையில் விழுந்தது. “இது எதுக்கு? எடுங்க.” “இது இருக்கட்டும், ஆனா நிறுத்த வேணாம், ஓரமா ஒரு வரி காட்டினா போதும்.” “இதை யாரு கேட்டா?” சிலவற்றுக்குப் பெட்டியக்கா விட்டுக்கொடுக்காமல் வாதாடினாள், பெற்ற பாசம். ஒரு பெட்டிக்காக இருவரும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். தலைமை டாக்டர் எட்டிப்பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு தாள்களில் சிவப்புக் கோடு விழுந்தது. மிச்சம் இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டும் நிஜமாகவே ஒரு ஆளை நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்விகள் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் பேனாவை மூடினார்.

“சாப்பாடு கொண்டாந்திருக்கீங்களா?”

“இல்லீங்க. போற வழில பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

“கேன்டீன்ல வாயில வைக்க முடியாது” என்று சொல்லி, தன் டப்பாவைத் திறந்து மூடியில் பாதியை எடுத்து வைத்து அவள் பக்கம் தள்ளினார்.